நாற்பத்தாறாவது பாசேஜ்

2019 மார்ச் 11, திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில் உள்ள திரவ நைட்ரஜன் அறையில், கே-31 என்ற செல் வகையின் நாற்பத்தெட்டுக் குப்பிகள் இரண்டு பங்காகப் பிரிக்கப்பட்டன. இருபத்து நான்கு பழைய குழுவுக்கு, இருபத்து நான்கு புதுக் குழுவுக்கு. இரு தரப்பும் பட்டியலில் கையெழுத்திட்டன.

பழைய குழுவுக்காகக் கையெழுத்துப் போட்டவள் பெரியவள். புதுக் குழுவுக்காகப் போட்டவள் சின்னவள். இருவரும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். பிரிப்பதற்கு வீட்டில் அப்போது எதுவும் மிச்சம் இருக்கவில்லை. சமையலறை அலமாரி, துணி காயப்போடும் கயிறு, குளிர்பதனப் பெட்டி எல்லாம் அதற்கு முந்தைய ஆண்டே பாகமாகிவிட்டன.

பெரியவள் அந்தக் கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாகச் செல் காப்பாளராக இருந்தாள். செல்களை உறைய வைப்பது, எடுத்து உருக்குவது, தட்டில் வளர்ப்பது, யாருக்கு எது எப்போது போனது என்று எழுதி வைப்பது, இதுதான் வேலை. கூடத்தில் எல்லாரும் அவளை ஐஸ் அக்கா என்றார்கள். நைட்ரஜன் தொட்டியோடு குடித்தனம் நடத்துகிறவள் என்பது ஒரு காரணம். யார் சிரித்தாலும் திருப்பிச் சிரிக்க மாட்டாள் என்பது இன்னொன்று. "யாருக்குமே ஐஸ் வைக்கத் தெரியாத ஆளுக்கு இப்படி ஒரு பேரா" என்று இயக்குநர் ஒரு தடவை சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

கே-31 அவள் கையால் உண்டானது. 2008இல், ஈரல் புற்றுநோயால் இறந்துபோன ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை முதன்முதலில் தட்டில் பிழைக்க வைத்தவள் அவள்தான். உலகத்தில் வேறு எந்தக் கூடத்திலும் அது கிடையாது. தட்டு நிறைந்தால் செல்களைக் கிளப்பிப் பிரித்துப் புதுத் தட்டுகளில் விட வேண்டும். அப்படி ஒவ்வொரு முறை மாற்றுவதும் ஒரு பாசேஜ். அந்த எண்தான் செல்லின் வயது. ஐந்தாவது பாசேஜில் இருப்பதும் ஐம்பதாவதில் இருப்பதும் பிறப்பால் ஒன்றுதான். குணம் ஒன்றாக இருக்கும் என்பதற்கு யாரும் ஜாமீன் போட முடியாது.

தொட்டியில் நான்கு வரிசைக் குப்பிகள் இருந்தன. மேலே இரண்டு வரிசை, ஆரம்பத்தில் உறைய வைத்தவை, பாசேஜ் ஆறு. கீழே இரண்டு வரிசை, கட்டட வேலைக்காகக் கூடத்தை நான்கு மாதம் மூடியபோது அன்றாடப் புழக்கத்தில் இருந்ததை அப்படியே அள்ளி உறைய வைத்தவை, பாசேஜ் நாற்பத்தாறு. குப்பியின் மேல் ஒரு வரிசை எண் மட்டும்தான் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள கதை முழுக்கப் பெரியவளின் பதிவேட்டில். பேனா மை குளிரில் உதிர்ந்துபோன காலத்தில் அவள் கொண்டுவந்த ஏற்பாடு அது. பிறகு நல்ல ஸ்டிக்கர்கள் வந்தன. ஏற்பாட்டை அவள் மாற்றவில்லை. யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவளிடம் வந்து நின்றுதான் ஆக வேண்டும் என்ற நிலைமை அவளுக்குப் பிடித்திருந்தது.

சின்னவள் டாக்டர் பட்டத்தோடு அந்தக் கூடத்துக்கு வந்தவள். சூட்டிகையான பெண், வேலையில் கை சுத்தம். பெரியவளே போய்ப் பேசித்தான் தன் கொழுந்தனுக்கு அவளைக் கட்டிவைத்தாள். இரண்டு ஆண்டுகள் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். பிறகு சின்னவளின் முதல் பெரிய கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் ஏழு பேர். பெரியவள் பெயர் அதில் இல்லை. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், "செல்களைப் பராமரித்த உதவியாளருக்கு நன்றி" என்று ஒரு வரி இருந்தது. அதிலும் பெயர் இல்லை.

பெரியவள் கேட்டாள். சின்னவள் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமல் பதில் சொன்னாள்.

"அக்கா, கட்டுரையில பேர் போடறதுக்கு ஒரு முறை இருக்கு. செல்லுக்குச் சாப்பாடு போட்டவங்க பேரெல்லாம் போட ஆரம்பிச்சா, நம்ம பஸ் டிரைவர் பேரையும் போடணும்."

"சரி. நாளையிலேருந்து உன் சாப்பாட்டை நீயே போட்டுக்கோ."

அன்றோடு பேச்சு நின்றது. வீட்டில் கயிறு இரண்டானது.

சின்னவளுக்குத் தனிக் குழு கிடைத்து இரண்டாம் மாடிக்குப் போகிற நாளில் இயக்குநர், "பாதிப் பாதி. ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வெச்சுக்காம முடிங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றுகொண்டார். பெரியவள் தடித்த கையுறையும் முகக் கவசமும் மாட்டிக்கொண்டு தொட்டியைத் திறந்தாள். புகை தரையில் வழிந்து சின்னவளின் செருப்பு வரை வந்தது.

"மேல் ரெண்டு வரிசை எங்களுக்கு. கீழ் ரெண்டு வரிசை உங்களுக்கு" என்றாள் பெரியவள். தனியே இருக்கும்போது நீ, நாலு பேர் முன்னால் நீங்க. அந்த 'நீங்க'வில் மரியாதை மருந்துக்கும் கிடையாது.

சின்னவள் குப்பிகளைப் பார்த்தாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனையாவது பாசேஜ். முதலாண்டு மாணவன்கூட அதைக் கேட்காமல் குப்பியைத் தொட மாட்டான்.

"ஏதாவது கேக்கணுமா?" என்றாள் பெரியவள்.

"உங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க எனக்கு ஒண்ணுமில்லைக்கா."

கையெழுத்துப் போட்டுவிட்டுக் குப்பிகளோடு படியிறங்கினாள். பெரியவள் அன்று பிற்பகலே பதிவேட்டில் எழுதினாள்: எண் 25 முதல் 48 வரை, பாசேஜ் 46, புதுக் குழுவுக்கு. ஒரு எழுத்துப் பொய் இல்லை. அந்தப் பக்கத்தின் நகலைக் கீழே அனுப்பவில்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மூன்று ஆண்டுகளில் அதை எத்தனையோ தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

கீழே சின்னவள் முதல் குப்பியை உருக்கித் தட்டில் விட்டபோது, தட்டின் மேல் 'பாசேஜ் 1' என்று எழுதினாள். ஐஸ் அக்காவின் கணக்கு அவளுக்கு வேண்டாம். அவள் கணக்கு அவளிடமிருந்தே தொடங்கட்டும்.

மற்றபடி சின்னவளின் கூடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நேரத்தில் ஒரு செல் வகைதான் வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊட்டநீர்ப் புட்டி. ஒன்றை முடித்து மேசையைத் துடைத்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. மாதம் ஒரு முறை கிருமிச் சோதனை. எல்லாம் மேல் மாடியில் இருந்தபோது பெரியவளைப் பார்த்துப் பழகியவை. அதை இருவருமே வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

2022 தொடக்கத்தில் சின்னவளின் கட்டுரை வெளிவந்தது. ஒரு புது வேதிப்பொருள் கே-31 செல்களை மிகக் குறைந்த அளவிலேயே கொல்கிறது என்பது அதன் சாரம். பாராட்டு குவிந்தது. விலங்குச் சோதனைக்கு விண்ணப்பம் போனது. ஜூன் மாதம் அவள் பதவி நிரந்தரமாகும் என்று பேச்சு அடிபட்டது. மேல் மாடியில் பழைய குழுவின் ஆராய்ச்சியாளர் ஒருவர் அதே பொருளை அதே அளவில் அதே கே-31இல் போட்டுப் பார்த்தார். செல்கள் சாகவில்லை. இரட்டிப்பாகப் போட்டார். அப்போதும் குத்துக்கல்லாட்டம் இருந்தன.

வயதுதான் காரணமோ என்று பெரியவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தை அவள் நீளவிடவில்லை. கீழே அழுக்குச் சேர்ந்துவிட்டது, வேறு செல் கலந்துவிட்டது என்று நினைப்பதில் ஒரு சுகம் இருந்தது. ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமைப்புக்கு அவள் ஒரு கடிதம் எழுதினாள்: புதுக் குழுவில் செல் பராமரிப்பு சரியில்லை, கே-31 என்று அவர்கள் வைத்திருப்பது கே-31 அல்ல.

கடிதத்தின் நகல் சின்னவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை லிஃப்ட்டில் இருவர் மட்டும்.

"மூணு வருஷமா வாயைத் தொறக்கல. தொறந்ததும் புகார்தான் வருது" என்றாள் சின்னவள், லிஃப்ட் கதவைப் பார்த்தபடி.

"மொட்டைக் கடுதாசி இல்லையே. பேர் போட்டுத்தான் எழுதியிருக்கேன். பேர் போடறதுக்கு ஒரு முறை இருக்குன்னு நீதானே சொன்னே."

"என் செல் சுத்தமா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"இருந்தாத்தானே."

இரண்டாம் மாடி வந்தது. சின்னவள் இறங்கிப் போனாள்.

மே மாதக் கடைசியில் நிதி அமைப்பின் தணிக்கையாளர் வந்தார். ஒல்லியான மனிதர். யார் கொடுத்த தண்ணீரையும் குடிக்க மாட்டார். பையிலேயே ஒரு புட்டி வைத்திருந்தார். இரு தரப்பிலும் தட்டிலிருந்தும் தொட்டியிலிருந்தும் தன் கண் முன்னால் மாதிரி எடுக்க வைத்து, முத்திரை போட்டு, மரபணுக் கைரேகை பார்க்கும் வெளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார். மூன்று ஆண்டுச் சோதனைகளில் பயன்படுத்திய செல்களின் பாசேஜ் எண்களை இரு குழுவும் எழுதித் தரச் சொன்னார். பெரியவள் தந்தாள்: ஏழு முதல் பத்தொன்பது வரை. சின்னவள் தன் நோட்டில் இருந்ததைத் தந்தாள்: ஒன்று முதல் பதினெட்டு வரை.

"ஒண்ணுலேருந்தா?" என்று கேட்டார் தணிக்கையாளர். "உறைஞ்ச குப்பி ஒண்ணுலேருந்து ஆரம்பிக்காதேம்மா. அது உங்க கைக்கு வரும்போது என்ன எண்?"

தெரியாது என்று சொன்னால், கேட்கவே இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவளின் பட்டியல் மேசை மேல் திறந்து கிடந்தது. முதல் வரியில் குப்பி எண்ணும் பாசேஜ் ஆறும் தெரிந்தன.

"ஆறு" என்றாள் சின்னவள். அப்படியே எழுதியும் கொடுத்தாள்.

ஜூன் 10, வெள்ளிக்கிழமை பிற்பகல் முடிவுகள் வந்தன. மேல் மாடி, கீழ் மாடி இரண்டும் ஒரே நோயாளியின் செல்கள். 2008இல் பாதுகாத்து வைத்த கட்டித் துணுக்கோடும் ஒத்துப்போயின. இரண்டிலும் கிருமி இல்லை, வேறு எதுவும் கலக்கவில்லை. பெரியவளின் கடிதத்தில் இருந்த இரண்டு குற்றச்சாட்டுகளும் தவறு.

ஆனால் சின்னவளுக்கு அது நல்ல செய்தியாக இல்லை. ஒரே செல், ஒரே வயது, இரண்டும் சுத்தம், முடிவு மட்டும் நேர் எதிர் என்றால், யாரோ ஒருவர் சோதனை எண்களைக் கையால் போட்டிருக்க வேண்டும். மேல் மாடியில் அந்த ஆராய்ச்சியாளருக்குப் பிறகு இன்னும் இருவர் தனித்தனியாகச் செய்து அதே முடிவைக் கண்டிருந்தார்கள். தணிக்கையாளர் திங்கட்கிழமை விசாரணைக்கு நாள் குறித்துவிட்டு, சின்னவளின் கணினியைப் பூட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை ஆறு மணிக்கு, பெரியவள் வீட்டின் கீழ்த்தளத்துச் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு மேசையில் உட்கார்ந்திருந்தார். மாடியிலிருந்து சின்னவள் இறங்கி வந்தாள். பாகம் பிரித்த பிறகு அந்த வாசற்படியை அவள் தாண்டுவது அதுதான் முதல் தடவை.

"வாம்மா, உக்காரு" என்றார் அவர்.

"உக்கார வரல மாமா. அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு. பாதி மாடியில சிக்கின லிஃப்ட்டெல்லாம் இறக்கி விட்டிருக்கேன். உங்க ரெண்டு பேரையும்தான் என்னால இறக்க முடியல."

இருவரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து முன்னறைக்குப் போனார்.

"அந்த இருபத்து நாலு குப்பி. எத்தனாவது பாசேஜ்?" என்றாள் சின்னவள்.

"நீதான் ஆறுன்னு எழுதிக் குடுத்திருக்கியாமே."

"நீங்க சொல்லுங்க."

"மூணு வருஷம் கழிச்சா இந்தக் கேள்வி?"

"அன்னிக்குக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"பொய் சொல்லியிருக்க மாட்டேன்."

"அதாவது சொல்லியிருக்கவும் மாட்டீங்க."

பெரியவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "படிச்சவ நீ. குப்பியை வாங்கும்போது வயசு கேக்கணும்னு பஸ் டிரைவருக்குக்கூடத் தெரியும்."

சின்னவளுக்கு முகம் வெளுத்தது. அவளுக்கு விடை கிடைத்துவிட்டது என்று பெரியவளுக்குத் தெரிந்தது.

"திங்கட்கிழமை பதிவேட்டுல அந்தப் பக்கத்தைக் காட்டுங்கக்கா. என் கட்டுரை போனாப் போகட்டும். திருடின்னு பேர் வாங்கிட்டு நான் எங்கேயும் வேலைக்குப் போக முடியாது."

"காட்டினா என் தொட்டி போகும்."

"என் பொழைப்பே போகுது."

"நீ எனக்கு நன்றி போட்டியே, பேர் இல்லாம. அதே மாதிரி நானும் உனக்கு மனசுக்குள்ள நன்றி சொல்லிக்கறேன். போ."

சின்னவள் மாடிக்குப் போனாள். முன்னறையிலிருந்து பெரியவளின் கணவர், "என்ன கேட்டா?" என்றார்.

"ஒரு நம்பர்."

"குடுத்துட்டுப் போயேன். நம்பர்தானே."

பெரியவள் மறுபடி குழாயைத் திறந்தாள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு இயக்குநரின் அறையில் நால்வர் உட்கார்ந்தார்கள். தணிக்கையாளர் வலப்பக்கம், இயக்குநர் இடப்பக்கம், எதிரெதிரே இரண்டு ஓரகத்திகள். பெரியவள் பதிவேட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தாள். அவள் எங்கே போனாலும் அது கூடவே போகும். யாரும் அதைத் திறக்கச் சொல்லவில்லை. செல் பிரிவினைக்கு ஆதாரமாக மேசையில் இருந்தது இயக்குநரின் பட்டியல்தான். அதில் குப்பி எண்கள் மட்டுமே இருந்தன.

தணிக்கையாளர் தன் வரைவை வாசித்தார். முடிவுகள் முரண்படுவதற்கு உயிரியல் காரணம் எதுவும் கண்டறியப்படவில்லை. புதுக் குழுத் தலைவரின் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல.

"ஏதாவது சொல்லணுமா?" என்று சின்னவளிடம் கேட்டார்.

சின்னவள் தணிக்கையாளரைப் பார்க்கவில்லை. எதிரே மடியில் இருந்த பதிவேட்டைப் பார்த்தாள்.

"சொல்லணும் சார். நான் ஆறுன்னு எழுதினது யூகம். வாங்கும்போது கேக்கல. அது என் தப்பு. ஆனா கேட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. இந்தக் கூடத்துல சரியான பதிவே கிடையாது. அக்கா கையில வெச்சிருக்காங்களே, அது சும்மா ஒப்புக்கு. மாசக் கடைசியில உக்காந்து மொத்தமா எழுதி நிரப்பறது. எந்தக் குப்பி எந்த வயசுன்னு அவங்களுக்கே தெரியாது. பாவம், அவங்க படிப்புக்கு அவ்வளவுதான் முடியும்."

இயக்குநர் கனைத்தார். "அப்படியா?" என்று பெரியவள் பக்கம் திரும்பினார். அந்த 'அப்படியா'வில் பாதி நம்பிக்கை இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது. பதினேழு ஆண்டுகள் அந்த மனிதரின் கூடத்தில் ஒரு நாள், ஒரு வரி அவள் பின்தேதியிட்டு எழுதியதில்லை. காய்ச்சலில் படுத்தபோதுகூட ஆட்டோ பிடித்து வந்து அன்றைய வரியை எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.

"பதிவேடு பின்னால எழுதினதா இருந்தா, அதையும் அறிக்கையில சேர்க்கணும்" என்றார் தணிக்கையாளர், பேனாவைத் திறந்தபடி.

பெரியவளுக்குத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் சின்னவள் கதை முடிந்துவிடும். தொட்டி தன்னிடமே இருக்கும். ஆனால் பதிவேடு ஒப்புக்கு எழுதியது என்று அச்சில் வந்துவிடும். சின்னவள் இதைத் தெரிந்தேதான் சொன்னாளா, ஆத்திரத்தில் சொன்னாளா என்று அவள் பிறகு பல நாள் யோசித்தாள். அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

பதிவேட்டை மேசை மேல் வைத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை, பக்கம் தானாகவே விரிந்தது.

"எழுதிக்குங்க சார். 2019 மார்ச் 11. குப்பி 25லேருந்து 48. பாசேஜ் நாப்பத்தாறு. அன்னிக்கே எழுதினது. அதே பக்கத்துல நைட்ரஜன் ஊத்தின அளவு இருக்கு, வண்டிக்காரர் கையெழுத்து இருக்கு. கம்பெனி ரசீதோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு நாள் தள்ளி இருந்தாலும் நான் வேலையை விட்டுடறேன்."

தணிக்கையாளர் குனிந்து படித்தார். முன்பக்கம் புரட்டினார், பின்பக்கம் புரட்டினார். நெடுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"பதிவேடு நல்லா இருக்கும்மா. இவ்வளவு ஒழுங்கா நான் அதிகம் பார்த்ததில்லை. இதை அவங்களுக்கு ஏன் சொல்லலை?"

"அவ கேக்கலை."

"உங்க புகார்லயும் இதைப் பத்தி ஒரு வரி இல்லையே."

பெரியவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து மூடினாள். சின்னவள் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் நன்றியும் இல்லை, வெற்றியும் இல்லை.

"அறுபதாவது பாசேஜ்ல போய் நான் மருந்து கண்டுபிடிச்சிருக்கேன்" என்றாள் மெதுவாக, யாரிடமும் இல்லாமல்.

"கண்டுபிடிச்சது நீதானே. பேரை நல்லாப் பெரிசா போட்டுக்கோ" என்றாள் பெரியவள்.

"போதும்" என்றார் இயக்குநர்.

நைட்ரஜன் நிறுவனத்தின் ரசீதுகளோடு பதிவேடு ஒப்பிடப்பட்டது. நூற்றெண்பத்தொரு வரிகளும் பொருந்தின. மேல் வரிசையிலிருந்து ஆறு குப்பிகள் சின்னவளுக்குத் தரப்பட்டன. ஜூலை மாதம் முழுவதும், தணிக்கையாளர் அனுப்பிய ஆள் பக்கத்தில் நிற்க, அவள் தன் சோதனையை மூன்று தடவை திரும்பச் செய்தாள். பாசேஜ் ஏழு முதல் பன்னிரண்டு வரையிலான செல்கள் சாகவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்டவை செத்தன.

இறுதி அறிக்கை பதினோரு பக்கம். தரவுகள் புனையப்படவில்லை என்றது. செல்லின் வயதைக் கேட்காமல் பெற்றதும், தெரியாத எண்ணைத் தெரிந்ததுபோல் எழுதிக் கொடுத்ததும் புதுக் குழுத் தலைவரின் தவறு என்றது. தெரிந்த எண்ணை மறைத்ததும், மறைத்துக்கொண்டே புகார் எழுதியதும் காப்பாளரின் தவறு என்றது. குப்பிகளின் மேல் செல்லின் பெயர், பாசேஜ், உறைய வைத்த தேதி மூன்றையும் அச்சிட வேண்டும் என்றும், பதிவேட்டை இரண்டு பேர் பார்க்கும்படி கணினியில் ஏற்ற வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. பெரியவள் தரைத்தளத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். சின்னவளின் பதவி நிரந்தரமாக்கப்படவில்லை.

கட்டுரை செப்டம்பர் 2ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது. அதே மாதக் கடைசியில் சின்னவளும் அவள் கணவனும் வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள்.